பட்டம் வாங்கின பிள்ளைக்குப் பேனர் எதுக்கு அண்ணாச்சி?
கையில் கொடுக்க ஒரு நோட்டீஸ் போதும்! தென்காசி அச்சகத்தில் கேட்ட யோசனைகள்

தென்காசி:

பஸ்சை விட்டு இறங்கி நிமிர்ந்து பார்த்தால் கோபுரம் தெரிய வேண்டும். அதுதான் தென்காசி.

ஆனால் காலேஜ் ரிசல்ட் வந்த வாரத்தில் நிமிர்ந்து பார்த்தால் வேறொன்றும் தெரியும். கறுப்பு அங்கி, சதுரத் தொப்பி, கையில் சுருட்டிய காகிதம், பல் தெரியும் சிரிப்பு. பக்கத்தில் மாமா, சித்தப்பா, மச்சான், நண்பர்கள் குழு, இன்னும் யார் யாரோ. நடுவில் எங்கேயோ பட்டம் வாங்கியவர்!

எல்லாம் பிளெக்ஸ் பேனர்தான்.

வீட்டில் ஒரு பிள்ளை பட்டம் வாங்கிவிட்டால் அதை நாலு பேருக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா? முடியாது. சொல்லத்தான் வேண்டும். எப்படிச் சொல்வது? அதுதான் கேள்வி.

பதில் தேடிக் கோவிலுக்குப் பக்கத்துத் தெருவில் உள்ள ஓர் அச்சகத்துக்குப் போனோம். நாம் உட்கார்ந்த சிறிது நேரத்தில் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். அப்புறம் நடந்ததைத்தான் இங்கே எழுதியிருக்கிறோம்.

பத்தடிக்கு எட்டடி!

"அண்ணாச்சி, பேனர் ஒண்ணு அடிக்கணும். பத்தடிக்கு எட்டடி. எவ்வளவு ஆகும்?"

கேட்டவர் தாய். நாற்பத்தைந்து வயது இருக்கும். பீடி சுற்றிச் சுற்றி விரல் நுனி எல்லாம் கறுத்திருந்தது. மகள் பி.காம். எந்தப் பாடத்திலும் பாக்கி வைக்காமல் பாஸ். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவர்தான்.

அச்சகக்காரர் பழைய கை. காலால் மிதிக்கும் டிரெடில் மிஷினில், ஈய எழுத்தை ஒவ்வொன்றாகக் கோத்து நோட்டீஸ் அடித்த காலத்தில் இருந்தே இந்தத் தொழிலில் இருப்பவர். இப்போது கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார். பிளெக்ஸ் ஆர்டரும் எடுக்கிறார். வந்த வியாபாரத்தை யாராவது விடுவார்களா?

அவர் விட்டார்!

"எங்கம்மா கட்டப் போறிய?"

"தெரு முக்குலதான் அண்ணாச்சி. கரண்டுக் கம்பத்துக்கும் வேப்ப மரத்துக்கும் நடுவுல."

"இப்ப அடிக்கிற காத்துக்கு அது நிக்குமா?"

தாய் பதில் சொல்லவில்லை. வெளியே அச்சகத்தின் பெயர்ப் பலகையே தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

காற்று ஊர்

பெரியவர் கேட்டதில் விஷயம் இருக்கிறது. தென்மேற்குப் பருவக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் ஊர் இது. அந்தக் காற்றுதான் குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுக்கிறது, சீசனைக் கொடுக்கிறது. தென்காசி கோபுர வாசலில் ஒரு தடவை நின்றவர்களுக்கு அது ஆளை எப்படித் தள்ளும் என்று தெரியும். சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்பதும் சும்மா இல்லை.

ஏப்ரல், மே மாதத்தில் கடைசி செமஸ்டர். சாரல் தொடங்கும் நேரத்தில் ரிசல்ட். சரியாகக் காற்றுக் காலம் பார்த்துத்தான் பேனரும் ஏறுகிறது! ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பேனர் எம்மாத்திரம்?

விளையாட்டு இல்லை. 2019 செப்டம்பர் 12-ந்தேதி சென்னை பள்ளிக்கரணையில் என்ன நடந்தது? 23 வயது இளம்பெண். சாப்ட்வேர் என்ஜினீயர். வேலை முடிந்து ஸ்கூட்டரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். சாலை நடுவே கட்டியிருந்த ஒரு கல்யாணப் பேனர் சரிந்து அவர் மேல் விழுந்தது. நிலை தடுமாறிக் கீழே விழுந்தார். பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. உயிர் போயிற்று.

அவரும் ஒரு வீட்டின் படித்த பிள்ளைதான்.

பொது இடத்தில் பேனர் வைக்க வேண்டுமானால் உள்ளாட்சி நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் வைத்தால் குற்றம். ஆனால் சட்டத்தை விடுங்கள். ஒரு பிள்ளையின் பட்டத்தைச் சொல்ல, இன்னொரு பிள்ளையின் தலைக்கு மேல் கயிறு கட்டலாமா?

அந்தத் தாய் இதைக் கேட்டதும் மகளைப் பார்த்தார். "அப்ப எப்படி அண்ணாச்சி ஊருக்குச் சொல்ல?" என்றார்.

பேனர் இல்லாத காலம்

பிளெக்ஸ் வருவதற்கு முன்பும் பிள்ளைகள் படித்தார்கள், பட்டம் வாங்கினார்கள். ஊருக்கும் தெரிந்தது.

சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1857-ல். அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இரண்டே பேர். இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஒருவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. இன்னொருவர் அவருக்கே பாடம் சொல்லிக் கொடுத்த விசுவநாத பிள்ளை. வாத்தியாரும் மாணவரும் சேர்ந்து பட்டம் வாங்கினார்கள்!

அந்தத் தாமோதரம்பிள்ளைதான் பிற்காலத்தில் பழைய ஓலைச் சுவடிகளைத் தேடிப் பிடித்து, கலித்தொகை முதலிய நூல்களை அச்சில் ஏற்றியவர். 'பி.ஏ.' என்ற இரண்டு எழுத்தைப் பெயரோடு ஒட்டி எழுதும் வழக்கம் அப்படி வளர்ந்ததுதான். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பட்டம் போட ஆரம்பித்தோம். வீட்டு வாசலில் பலகை மாட்டினோம். இன்று பெண்ணின் பெயருக்குப் பின்னாலும் பட்டம் வருகிறது. மாப்பிள்ளையை விடப் பெண்ணுக்கு இரண்டு எழுத்து கூடுதலாக இருக்கும் பத்திரிகைகளும் உண்டு!

நம்ம குற்றாலத்தையே எடுத்துக்கொள்வோம். ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் வாழ்ந்த ஊர். சட்டம் படித்த பட்டதாரி. 1954-ல் மறைந்தார். ஊர் இன்றைக்கும் அவரை நினைப்பது 'ரசிகமணி' என்றுதான். பட்டத்தைச் சொல்லி அல்ல. அவர் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாகவே வந்திருக்கின்றன. ஆளுக்கு ஆள் பெயர் சொல்லி எழுதினால் அதை யாரும் குப்பையில் போட மாட்டார்கள் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

அமெரிக்காவிலும் இந்த வழக்கம் உண்டு. பிள்ளை பட்டம் வாங்கினால் அச்சடித்த அட்டையைத் தபாலில் உறவினருக்கு அனுப்புவார்கள். அது அழைப்பு அல்ல, அறிவிப்பு. பட்டமளிப்பு மண்டபத்தில் எல்லாருக்கும் நாற்காலி இருக்காது அல்லவா? 'நீங்கள் வர முடியாவிட்டாலும் சந்தோஷத்தில் சேர்ந்துகொள்ளுங்கள்' என்பதுதான் அதன் பொருள். நமக்கும் இது பொருந்தும்.

எட்டு யோசனைகள்

அச்சகக்காரர் ஒரு பழைய நோட்டை எடுத்து விரித்தார். ஐம்பது வருடத்து மாதிரி நோட்டீஸ்கள் ஒட்டியிருந்தன. அதைப் புரட்டிக்கொண்டே அவர் சொன்னவற்றை வரிசைப்படுத்தித் தருகிறோம்.

1. கார்டு: தபால் கார்டு அளவில் கெட்டியான அட்டை. ஒரு பக்கம் செய்தி. மறுபக்கம் காலி. அந்தக் காலியில் பட்டம் வாங்கியவரே கையால் இரண்டு வரி எழுத வேண்டும். "மூணாம் வகுப்புல நீங்க கைபிடிச்சு எழுத வச்சீங்க டீச்சர்" என்று ஒரு வரி போதும். அந்த டீச்சர் அதை பத்திரமாக வைத்துக்கொள்வார்.

2. தபால் தலை: 2011-ல் தபால் இலாகா 'மை ஸ்டாம்ப்' என்ற திட்டத்தை அறிமுகம் செய்தது. நாம் கொடுக்கும் போட்டோவைத் தபால் தலையோடு சேர்த்து அச்சடித்துத் தருவார்கள். பெரிய தபால் ஆபீசில் கேட்டுப் பாருங்கள். கவருக்கு மேலே பேத்தியின் முகம்! எந்தத் தாத்தா அந்தக் கவரைக் கிழிப்பார்?

3. மஞ்சப்பை: கல்யாண வீட்டில் தேங்காய், வெற்றிலை போட்டுக் கொடுக்கிறோமே, அதே பை. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று தொடங்கி வைத்தது. பையின் ஒரு பக்கம் 'எங்கள் வீட்டு முதல் பட்டதாரி' என்று பெயரோடு அச்சடித்தால், அந்தப் பெயர் வருஷக்கணக்கில் சந்தைக்கும் கடைக்கும் போய்வரும். பேனர் ஒரு வாரம். பை எத்தனை வருஷம்!

4. காலண்டர் அட்டை: நோட்டீஸின் பின்பக்கத்தில் பன்னிரண்டு மாதக் காலண்டர். சிவகாசிக்காரர்களுக்குத் தெரிந்த வித்தை. காலண்டர் இருந்தால் கடைக்காரர் கல்லாப் பெட்டிக்கு மேலே ஒட்டிவைப்பார். மடித்து எறிய மாட்டார்.

5. பனை ஓலை: ஓலை என்றாலே தமிழில் கடிதம் என்று அர்த்தம். பனை நம் மாநில மரம். நம்ம பக்கம் மரத்துக்கும் பஞ்சமில்லை. பதப்படுத்திய ஓலையில் பெயரும் பட்டமும் எழுதி நூல் கட்டி, நெருங்கின பத்துப் பேருக்கு மட்டும் கொடுக்கலாம். எல்லாருக்கும் வேண்டாம்.

6. ஊர்ப் படம்: கம்ப்யூட்டரில் கிடைக்கும் அதே சதுரத் தொப்பிப் படம் எதற்கு? குற்றாலத்தில் நடராசருடைய ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபை இருக்கிறது. சுவரெல்லாம் ஓவியம். அப்பேர்ப்பட்ட ஊரில் இருந்துகொண்டு படத்தை இரவல் வாங்கலாமா? வீட்டில் வரையத் தெரிந்த தம்பி, தங்கை இருந்தால் பேனாவில் ஒரு கோட்டோவியம் போடச் சொல்லுங்கள். கோபுரம், அருவி, படித்த பள்ளிக்கூடம், குடும்பத்தின் தொழில், எதுவும் ஆகலாம். புளியங்குடி எலுமிச்சை வியாபாரி வீட்டுப் பிள்ளையா? ஓர் எலுமிச்சைக் கிளை. பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர் மகனா? ஒரு மூட்டை. வெட்கப்பட ஒன்றும் இல்லை. படிக்க வைத்தது அந்த மூட்டைதானே?

7. ஐந்தருவி நோட்டீஸ்: இது பெரியவரின் சொந்தச் சரக்கு. மேலே பட்டம் வாங்கியவர் பெயர். கீழே ஐந்து கிளையாக அருவி. ஒவ்வொரு கிளையிலும், படிப்புக்குக் கை கொடுத்த ஒருவர் பெயர். அம்மா, அப்பா, வாத்தியார், பீஸ் கட்டக் கடன் கொடுத்தவர், தினமும் பஸ்சை நிறுத்தி ஏற்றிக்கொண்ட டிரைவர். அஞ்சே அஞ்சு. ஆறாவது பேருக்கு இடம் கிடையாது. யாரைப் போடுவது என்று யோசிக்கும்போதுதான் யாரால் படித்தோம் என்று தெரியும்!

8. பள்ளிக்கூடப் புத்தகம்: பேனருக்கு வைத்திருந்த பணத்தில் நாலு புத்தகம் வாங்கி, படித்த தொடக்கப் பள்ளிக்குக் கொடுப்பது. உள்அட்டையில் சின்ன சீட்டு: 'இந்தப் பள்ளியில் படித்து இந்த ஆண்டு பட்டம் பெற்றவர் கொடுத்தது' என்று பெயரோடு. அந்தப் புத்தகத்தைத் திறக்கும் ஒவ்வொரு பிள்ளையும் அதைப் படிக்கும். அதைவிட நல்ல விளம்பரம் உண்டா?

செல்போனில் அனுப்புகிறீர்களா?

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செலவே இல்லை. உண்மைதான். ஆனால் மூன்று எச்சரிக்கை.

ஒன்று, மார்க் ஷீட்டையோ, டிகிரி சர்டிபிகேட்டையோ போட்டோ பிடித்து அப்படியே போடாதீர்கள். அதில் பதிவு எண், பிறந்த தேதி முதலிய விவரங்கள் இருக்கும். போலி தயாரிப்பவனுக்கு நாமே மாதிரி எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இரண்டு, சின்னத் திரையில் பெரியவர்கள் படிக்க வேண்டும். ஆறு வரிக்கு மேல் வேண்டாம். எழுத்து பெரிசாக இருக்கட்டும். மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்து போட்டால் கடவுளுக்கும் தெரியாது!

மூன்று, படத்தோடு பாட்டியின் குரலையும் பதிவு செய்து அனுப்பலாம். "எம் பேத்தி பாஸாயிட்டா" என்று பாட்டி சொல்லும் பத்து வினாடிக்கு எந்த டிசைனும் ஈடாகாது.

பட்டமா? தேர்ச்சியா?

நோட்டீஸ் அடிக்கும்போது பலரும் சறுக்கும் இடம் இது.

ரிசல்ட் வந்தவுடன் 'பட்டம் பெற்றார்' என்று போடக்கூடாது. 'தேர்ச்சி பெற்றார்' என்றுதான் போட வேண்டும். முதலில் தற்காலிகச் சான்றிதழ். பட்டமளிப்பு விழா பல மாதம் கழித்து வரும். அப்போதுதான் பட்டம். விழாவுக்கு நேரில் போகாதவர்களுக்கும் பட்டம் உண்டு. வராதவர் பட்டியலில் வழங்குவார்கள். மதிப்பு ஒன்றும் குறையாது.

சட்டம் முடித்தவுடன் 'வக்கீல்' என்று அச்சடிப்பதும் தவறு. பார் கவுன்சிலில் பதிவு செய்த பிறகுதான் வக்கீல். எம்.பி.பி.எஸ். கடைசிப் பரீட்சை தேறினவுடனும் அவசரம் கூடாது. பயிற்சிக் காலம் முடித்து மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும்.

பல்கலைக்கழகம் பெயரையும் சரியாகப் போடுங்கள். திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் ஏற்பட்டது 1990-ல். 'மனோன்மணியம்' நாடகத்தை 1891-ல் வெளியிட்ட பெ. சுந்தரம் பிள்ளை நினைவாக வைத்த பெயர். அவரும் ஓர் எம்.ஏ. பட்டதாரிதான். அந்தப் பெயரில் ஒரு காலை விட்டுவிட்டு, ஒரு 'ன'வை 'ண' ஆக்கி அடிக்கும் நோட்டீஸ்கள் ஏராளம்!

"புரூபை மூணு பேரு பாக்கணும். படிச்சவன் ஒருத்தன், வீட்டுக்காரங்க ஒருத்தர், சம்பந்தமே இல்லாத ஆளு ஒருத்தர். சம்பந்தமில்லாத ஆளுதான் தப்பைக் கண்டுபிடிப்பான்" என்கிறார் பெரியவர்.

இனிஷியல் விஷயமும் முக்கியம். பெயர் தமிழில், இனிஷியல் ஆங்கிலத்தில் என்று இனி வேண்டாம். பெயர் தமிழ் என்றால் முன்னெழுத்தும் தமிழிலேயே இருக்கட்டும். அப்பா பெயரோடு அம்மா பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்துப் போடுகிறவர்கள் இப்போது கூடிவருகிறார்கள்.

அம்மா பேரு எதுக்கு?

இந்த இடத்தில்தான் அச்சகத்தில் ஒரு சின்ன வாக்குவாதம்.

பெரியவர் பேப்பரை எடுத்தார். "பாப்பா பேரு எழுதியாச்சு. அம்மா பேரைச் சொல்லுங்க."

"எம் பேரு எதுக்கு அண்ணாச்சி? அவ அப்பா பேரு போதும்."

"அவரு என்ன பண்ணுதாரு?"

"அவரு போயிச் சேர்ந்து எட்டு வருஷம் ஆச்சு."

அச்சகம் ஒரு நிமிஷம் அமைதியாகிவிட்டது. மகள்தான் பேசினார்.

"எம்மா, நீ சும்மா இரு. அண்ணாச்சி, அப்பா பேரும் போடுங்க. ஆனா அம்மா பேரை மேல போடுங்க. காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு பீடி சுத்துனது அவதான். ஆயிரம் பீடி சுத்துனா என்ன கூலின்னு எனக்குத் தெரியும். நான் காலேஜ் போன மூணு வருஷமும் கணக்கு எழுதுனது நான்தான்."

"சும்மா இருட்டி. ஊர்ல சிரிப்பாக" என்றார் தாய்.

பெரியவர் சிரித்தார். எழுந்து வாசலுக்கு வந்தார். கோபுரத்தைக் கை காட்டினார்.

"நம்ம கோவிலைக் கட்டுன பராக்கிரம பாண்டிய ராசா கல்லுல என்ன எழுதி வச்சிருக்கான் தெரியுமாம்மா? நான் கட்டினேன், நான் பெரிய ஆளுன்னா எழுதினான்? பின்னால இந்தக் கோவில் பழுதாப் போனா அதை எவன் சரி பண்ணுதானோ, அவன் காலுல நான் இப்பவே விழுதேன்னு எழுதி வச்சான். ராசாவே அடுத்தவனுக்கு நன்றி சொல்லி அறிவிப்பு போட்ட ஊரு இது. உங்க பேரைப் போட்டா யாரு சிரிப்பா?"

பெரியவர் சொன்னது கதை அல்ல. 15-ஆம் நூற்றாண்டில் கோவிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் அப்படிப் பாட்டாகவே எழுதி வைத்த கல்வெட்டு உண்டு. தென்காசிக்காரர்கள் பலருக்கும் தெரிந்த சேதிதான்.

முதல் பட்டதாரி

குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் வாங்குவது லேசான காரியமா? எந்த குரூப் எடுப்பது, எந்த பாரத்தை எங்கே கொடுப்பது என்று சொல்லித்தர வீட்டில் ஆள் இருக்காது. அவர்களுக்காகத்தான் தமிழ்நாட்டில் 'முதல் பட்டதாரி' சான்றிதழ் வந்தது. 2010-11 கல்வியாண்டில் தொழிற்கல்வி படிக்கும் முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை கிடைத்தது. அரசுப் பள்ளியில் படித்து மேலே படிக்கும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது.

ஊருக்குப் பக்கத்திலேயே காலேஜ் வந்ததும் ஒரு காரணம். குற்றாலத்தில் கோவில் நிர்வாகத்தின் கீழ் பராசக்தி மகளிர் கல்லூரி 1964-ல் வந்தது. அதற்கு முன்பு இந்தப் பக்கத்துப் பெண் பி.ஏ. படிக்க வேண்டுமானால் வெளியூர் விடுதி. எத்தனை வீட்டில் அனுப்புவார்கள்? சுரண்டையில் அரசுக் கல்லூரி வந்தது. 2019 நவம்பர் 22-ந்தேதி தென்காசியே தனி மாவட்டம் ஆனது.

தாலுகா ஆபீசில் வாங்கும் முதல் பட்டதாரி சான்றிதழ் பீரோவுக்குள் போய்விடும். அந்த இரண்டு வார்த்தையை நோட்டீஸில் போட்டால் தெருவே படிக்கும். பக்கத்து வீட்டில் ப்ளஸ் டூவோடு நிற்கும் பெண்ணின் அப்பாவும் படிப்பார். 'நம்ம பிள்ளையையும் அனுப்பினால் என்ன?' என்று அவர் ஒரு நிமிஷம் யோசித்தால், அந்த நோட்டீஸுக்குக் கொடுத்த காசு வசூல்!

எழுதி முடித்தது இதுதான்

கடைசியில் அந்தத் தாய் சம்மதித்தார். பெரியவர் எழுதிய நோட்டீஸை, பெயர்களை மட்டும் விட்டுவிட்டு, மாதிரிக்காகத் தருகிறோம். வேண்டியவர்கள் வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்.
(அம்மா பெயர்), காலஞ்சென்ற (அப்பா பெயர்) ஆகியோரின் மகள்
(பெயர்)
பி.காம். தேர்வில் முதல் வகுப்பில் தேர்ச்சி பெற்றிருக்கிறார்.
எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி.
பீடி சுற்றிப் படிக்க வைத்தவர் அம்மா.
எழுத்தறிவித்தது நம்ம ஊர்த் தொடக்கப் பள்ளி.
எல்லாருடைய ஆசியும் வேண்டும்.

அவ்வளவுதான். எட்டே வரி. கறுப்பு மை, வெள்ளைத் தாள். ஓரத்தில் மகளே வரைந்து கொடுத்த ஒரு சின்னப் படம்: பீடித் தட்டு, அதன் மேல் ஒரு புத்தகம்.

பெரியவர் ஒரு பிரதி எடுத்துத் தாயிடம் நீட்டினார். அவர் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். தன் பெயர் வந்த இடத்தில் நிறுத்தினார். விரலால் ஒரு தடவை தடவினார்.

"ரேஷன் கார்டுலதான் எம் பேரைப் பாத்திருக்கேன் அண்ணாச்சி. இப்படி அச்சுல பாத்ததில்ல."

"எத்தனை போடட்டும்மா?"

"இருநூறு போடுங்க. பேனர் வேண்டாம்."

முதல் நோட்டீஸ் யாருக்கு என்று கேட்டோம். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"பீடிக் கடைக்காரருக்குத்தான். பொட்டப் பிள்ளை படிச்சு என்ன ஆகப் போகுதுன்னு மூணு வருஷமாக் கேட்டது அவருதான்!"